ஆறாவது எண்

ஆடி பிறந்ததிலிருந்து சேந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ஓர் எண் அவன் தொண்டையில் நின்றது.

நாவற்குன்றின் மேலே ஒரு பெரிய குகை இருந்தது. வெளியே எவ்வளவு கொட்டினாலும் உள்ளே ஒரு சொட்டு விழாது. துறவிகள் சிலர் அங்கே தங்கி எண்ணும் கணக்கும் படித்து வந்தார்கள். அவர்களுக்கு ஆசிரியர் ஒரு பெண். பெண் ஆசிரியரை அந்நாளில் குரத்தி என்பார்கள். தேவமதிக் குரத்திக்கு அப்போது முப்பது வயதுக்கு மேல் இராது. சேந்தனுக்கோ தலை முழுக்க நரைத்திருந்தது. அவனுக்கு ஒரு மகள் இருந்திருந்தால் குரத்தியைவிட மூத்தவளாக இருந்திருப்பாள்.

துறவுக்கு முன்னால் அவன் அரண்மனையில் நாழிகை பார்த்துச் சொல்லும் வேலையில் இருந்தான். மனைவி காய்ச்சலில் போனாள். தம்பிமார் வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். ஒருநாள் காலையில் கட்டிய துணியோடு குன்றேறி வந்து குரத்தியின் முன்னால் உட்கார்ந்தான்.

“எதைப் பற்றினாலும் பிரிந்துபோகிறது, அம்மையே. பிரியாதது ஒன்று வேண்டும்” என்றான்.

குரத்தி ஏழு கூழாங்கற்களை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

“மிச்சமில்லாமல் சம பங்கு வையும்.”

சேந்தன் இரண்டிரண்டாக வைத்தான். ஒன்று மிஞ்சியது. மும்மூன்றாக வைத்தான். அப்போதும் ஒன்று மிஞ்சியது. நான்கு நான்காக வைக்கப் போனால் இரண்டாம் பங்குக்குக் கல் போதவில்லை. வெகுநேரம் மாற்றி மாற்றி வைத்துவிட்டுக் கையை எடுத்தான்.

“இது பிரியாது” என்றான்.

“இப்படி நிறைய உண்டு. தேடும்” என்றார் குரத்தி.

அன்றிலிருந்து சேந்தன் வகுபடாத எண்களைத் தேடத் தொடங்கினான். நாளடைவில் அந்த வேலையில் குன்றில் அவனுக்கு நிகர் யாருமில்லை என்றாகிவிட்டது. எண்களோடு இருக்கும்போது அவன் மனம் அடங்கியிருந்தது. அப்படியே இருந்திருக்கலாம்.

ஒருநாள் சுனையோரம் உட்கார்ந்திருந்தபோது அவனுக்கு ஒரு வழி தட்டுப்பட்டது. இரண்டை எடு. ஒன்று கூட்டு. மூன்று. இரண்டை அதனாலேயே பெருக்கு, நான்கு. ஒன்று கூட்டு. ஐந்து. நான்கை நான்கால் பெருக்கினால் பதினாறு. ஒன்று கூட்டினால் பதினேழு. அப்படியே மேலே போனால் இருநூற்று ஐம்பத்தேழு. அதற்கும் மேலே அறுபத்தையாயிரத்து ஐந்நூற்று முப்பத்தேழு. ஐந்தையும் அவன் சோதித்துப் பார்த்தான். ஐந்தும் வகுபடவில்லை. மழை மாதம் முழுக்க அந்த மகிழ்ச்சியிலேயே திரிந்தான். பிரியாத எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை, இந்த வழியில் நடந்தால் அவையாகவே வரும் என்று நினைத்தான்.

வினை ஊர்ப் பொது மன்றத்தில் வந்தது.

கிழக்குக் குன்றில் இன்னொரு பள்ளி இருந்தது. அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஆண்கள். பெண்களோடு ஒரே கூரையின்கீழ் தங்குவதில்லை என்பது அவர்கள் நோன்பு. புட்பநந்தியார் என்ற முதியவர் அவர்களுக்கு ஆசிரியர். அவர்கள் தங்கியிருந்தது குகைகூட இல்லை, முன்னால் நீட்டிக்கொண்டிருந்த ஒரு பாறை. மழைக்காலத்தில் அந்தப் பாறை வெடிப்பு வழியாக இரவும் பகலும் சொட்டும். ஆனிக் கடைசியில் இரு பள்ளியாரும் பிச்சைக்கு வந்த இடத்தில் சந்தித்துக்கொண்டார்கள். பேச்சோடு பேச்சாக, அந்தப் பள்ளியைச் சேர்ந்த இயக்கன் என்பவன் சேந்தனைப் பார்த்து, நரைத்த தலையை ஓர் இளம்பெண்ணின் காலடியில் வைத்து இத்தனை வருஷமாக என்னதான் படித்தீர் என்று கேட்டான். சுற்றியிருந்த ஊரார் சிரித்தார்கள்.

சேந்தனுக்குச் சுருக்கென்றது. தன் வழியைச் சொன்னான். ஐந்து எண்களையும் சொன்னான். அதோடு நிற்கவில்லை. ஆறாவதையும் சொன்னான்: நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. ஒன்றையும் இதே எண்ணையும் தவிர இதை மீதியில்லாமல் வகுக்கிற எண் உலகத்தில் கிடையாது என்றான். இயக்கன் பந்தயம் என்ன என்றான். அடுத்த பௌர்ணமிக்குள் அப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்தால் எங்கள் குகை உங்களுக்கு, கொண்டுவராவிட்டால் நீங்கள் இந்த நாட்டை விட்டே போய்விட வேண்டும் என்றான் சேந்தன். ஊர்த்தலைவர் காரி அங்கேயே இருந்தார். இரு தரப்பும் சொன்ன வாக்குக்கு நான் சாட்சி என்று அவர் சொல்லிவிட்டார்.

குன்றேறும்போதுதான் சேந்தனுக்கு உறைத்தது. ஆறாவது எண்ணை அவன் ஒருமுறைகூட வகுத்துப் பார்த்ததில்லை.

நடந்ததைக் குரத்தியிடம் தலையைக் குனிந்தபடி சொன்னான். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் மணலைக் காட்டினார்.

“அந்த எண்ணை எழுதும்” என்றார்.

சேந்தன் மணலில் எழுதினான். புதிதாக வீட்டுக்கு வந்தவரைப் பார்ப்பதுபோல் குரத்தி அதைப் பார்த்தார்.

“வகுபடாது என்று எப்படிச் சொன்னீர்?”

“முன்னால் ஐந்தும் வகுபடவில்லையே, அம்மையே.”

குரத்தி எழுந்து போய்விட்டார். பெருநங்கையாருக்குக் கஷாயம் கொடுக்கும் வேளை அது.

பெருநங்கையார் குன்றிலேயே மூத்த துறவி. கால்கள் இரண்டும் வீங்கி, எழுந்து நடமாட முடியாமல் குகையின் உட்புறத்தில் படுத்திருந்தார். நெஞ்சில் சளி. ஈரம் பட்டால் தாங்கமாட்டார் என்று வைத்தியர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் இருமும் ஒவ்வொரு முறையும் சேந்தனின் கை மணலில் நின்றுவிடும்.

மற்றவர்கள் அவனை ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது கத்தியிருந்தால் அவனுக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அவர்கள் வழக்கம்போலப் பெருக்கினார்கள், தண்ணீர் எடுத்தார்கள், பாடம் சொன்னார்கள். அவன் பக்கத்தில் வரும்போது மட்டும் மணலில் கால் படாமல் ஒதுங்கி நடந்தார்கள்.

சேந்தன் வகுக்கத் தொடங்கினான்.

மூன்றால் வகுத்தான். மீதி இரண்டு. ஐந்தால் வகுத்தான். மீதி இரண்டு. ஏழால் வகுத்தபோது ஐந்து மிஞ்சியது. ஒவ்வொரு மீதியும் ஒரு மிடறு தண்ணீர்போல இருந்தது. விழுங்கியதும் மறுபடி நா வறண்டது. எழுதிப் பார்க்காத வேளையிலும் வகுத்தான். சுனைக்குப் போகும் வழியில் வகுத்தான். கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு வகுத்தான். கஞ்சி ஆறி ஆடை படிந்தது. தன் வீட்டுச் சுவரைத் தானே கடப்பாறையால் குத்திப் பார்ப்பதுபோல அவனுக்குத் தோன்றும். குத்தாமல் இருந்தால் நிற்குமோ என்று தோன்றும். ஆனால் குத்தாமல் இருக்கவும் முடியவில்லை.

பதினேழால் வகுத்தான். மீதி இரண்டு. பிறகு இருநூற்று ஐம்பத்தேழால் வகுத்தான். அங்கேயும் இரண்டுதான் நின்றது. எழுந்து குரத்தியிடம் ஓடினான்.

“அம்மையே, முந்தைய எண்களில் எதனால் வகுத்தாலும் ஒரே மீதிதான் வருகிறது. எல்லாவற்றுக்கும் இரண்டு.”

“அழகாக இருக்கிறது” என்றார் குரத்தி.

“அப்படியானால் இது வகுபடாது, இல்லையா?”

“அவற்றால் வகுபடாது.”

அவன் நின்றுகொண்டே இருந்தான். பிறகு திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தான்.

முழுவதும் சோதிக்க வேண்டுமானால் அறுபத்தையாயிரம் வரை போக வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஓராண்டு உழைத்தாலும் முடியாது. பௌர்ணமிக்குள் தான் எதையும் நிச்சயப்படுத்திக்கொள்ளப் போவதில்லை என்றும் தெரியும். ஆனால் எதிரிகள் நிச்சயப்படுத்த வேண்டியதில்லை, ஒரே ஓர் எண் அகப்பட்டால் போதும். பிச்சைக்குப் போய் வந்தவர்கள் கிழக்குக் குன்றுச் செய்தியைக் கொண்டுவந்தார்கள். அங்கே விடிந்தது முதல் பொழுது சாயும்வரை எல்லாரும் மணலில் குனிந்து கிடக்கிறார்களாம். எண்களைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டார்களாம். ஐந்நூற்றிலிருந்து எழுநூறு வரை இயக்கன் பங்காம். அதைக் கேட்ட அன்று சேந்தனுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை.

அந்த வாரம் குரத்தி இரண்டு மூங்கில் கழிகளை வெட்டிக்கொண்டு வந்தார். குகை வாசலில் உட்கார்ந்து கயிறு பின்ன ஆரம்பித்தார். சேந்தன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான். மறுநாள் அவனால் முடியவில்லை.

“இது என்ன, அம்மையே?”

“தூளி. பெருநங்கையாரைத் தூக்கிப் போக.”

சேந்தன் கழியைத் தொட்டுப் பார்த்தான்.

“நாம் தோற்றுவிடுவோம் என்று நினைக்கிறீர்களா?”

“நினைக்கவில்லை.”

“ஜெயிப்போம் என்று நினைக்கிறீர்களா?”

“அப்படியும் நினைக்கவில்லை.”

“பிறகு எதற்கு இந்தத் தூளி?”

“அவரால் நடக்க முடியாதே” என்றார் குரத்தி.

சேந்தன் அவர் முகத்தையே பார்த்தான். அதில் கோபமும் இல்லை, துக்கமும் இல்லை. கயிறு முறுக்கு விடாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவனுக்கு அழுகை வந்தது. போய் மணலில் உட்கார்ந்து ஐந்நூற்றுக்கு மேல் வகுக்கத் தொடங்கினான்.

பௌர்ணமிக்கு முந்தின நாள் காலை. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. அறுநூற்று ஒன்றால் வகுத்ததில் மீதி நூற்று இருபத்தொன்பது. அறுநூற்று முப்பத்தொன்றால் வகுத்ததில் மீதி நூற்று எழுபத்துமூன்று. சேந்தன் மணலைத் தடவி அழித்துவிட்டு அறுநூற்று நாற்பத்தொன்றை எடுத்தான்.

தொடக்கத்திலேயே ஓரிடத்தில் நாலாயிரத்து நானூற்று எண்பத்தொன்பது வந்தது. அறுநூற்று நாற்பத்தொன்றை ஏழால் பெருக்கினால் நாலாயிரத்து நானூற்று எண்பத்தேழு. கழித்தான். இரண்டு நின்றது. மயிரிழையில் தப்பித்தோம் என்று மூச்சு விட்டான். மேலே போனான். அடுத்த இலக்கத்தை இறக்கினான், அதற்கடுத்ததை இறக்கினான். கடைசி இலக்கமான ஏழையும் இறக்கினான்.

மணலில் நின்றது நாலாயிரத்து நானூற்று எண்பத்தேழு.

சேந்தன் அதைக் கழிக்கவில்லை. கழிக்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. சற்றுமுன் அவனே பெருக்கி எழுதிய எண் அது. இரண்டும் ஒரே மணலில், ஒரு சாண் இடைவெளியில் கிடந்தன.

எங்கோ தப்பு செய்திருக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எல்லாவற்றையும் அழித்தான். மறுபடி போட்டான். அதேதான் வந்தது. இடம் மாறி உட்கார்ந்து, வேறு மணலில், ஒவ்வொரு கழித்தலையும் திரும்பக் கூட்டிச் சரிபார்த்தபடி போட்டான். மீதி ஒன்றுமில்லை. உள்ளே பெருநங்கையார் இருமினார்.

ஒரு நாழிகைக்குள் வியர்த்து நனைந்துபோய்க் குரத்தியின் முன்னால் நின்றான்.

“அறுநூற்று நாற்பத்தொன்று” என்றான்.

குரத்தி கயிற்றைக் கீழே வைத்தார். மணலைச் சமன்படுத்தி, அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழை எழுதி, அறுநூற்று நாற்பத்தொன்றால் பெருக்கத் தொடங்கினார். அவர் விரல் நிதானமாக நகர்ந்தது. ஒவ்வோர் இலக்கமாக வந்து சேர்ந்து கடைசியில் அந்தப் பெரிய எண் முழுசாக நின்றது. குரத்தியின் முகம் மலர்ந்தது.

“எங்கே ஒளிந்திருந்தது பாரும்” என்றார்.

சேந்தனுக்கு ஆத்திரம் பொங்கியது. “அம்மையே, நம் கூரை போய்விட்டது.”

“தெரிகிறது.”

அவன் அவர் எதிரே உட்கார்ந்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். வகுக்கும் எண்ணைக் கொண்டுவர வேண்டியது அவர்கள்தான் என்றான். அவர்கள் கொண்டுவராவிட்டால் நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, வாயைத் திறக்காமல் நின்றால் போதும் என்றான். பெருநங்கையாரின் நெஞ்சுச் சளியைச் சொன்னான். மழையைச் சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே தன் பேச்சு நியாயமாகப் பட்டது, அப்படிப் பட்டதே பயமாகவும் இருந்தது.

குரத்தி கயிற்றின் ஒரு முனையை அவனிடம் நீட்டினார்.

“இதைப் பிடியும். இழுத்துக் கட்ட வேண்டும்.”

பிடித்தான். அவர் கட்டினார்.

“நான் என்ன செய்யட்டும், அம்மையே?”

“நாளை மன்றத்தில் பேசப்போவது யார்?”

“நான்தான்.”

“அப்படியானால் என்னை ஏன் கேட்கிறீர்?”

மறுநாள் காலை ஊர்ப் பொதுவில் நல்ல கூட்டம். வேலைக்குப் போக வேண்டியவர்களும் போகாமல் நின்றார்கள். காரி நடுவில் உட்கார்ந்திருந்தார். கிழக்குக் குன்றுப் பள்ளியார் ஒரு பக்கம் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் சேந்தனுக்குத் திக்கென்றது. எல்லாருக்கும் கண் குழி விழுந்திருந்தது. ஓயாமல் ஈரத்தில் கிடந்து கால்விரல் இடுக்கெல்லாம் வெந்திருந்தது. இயக்கன் மெலிந்துபோயிருந்தான். ஊரார் முன்னால் கேலி பேசிய ஆள் அவன்தானா என்று சந்தேகமாக இருந்தது.

புட்பநந்தியார் முன்னால் வந்தார். குரல் நடுங்கவில்லை. இரண்டில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும்வரை தங்கள் பள்ளி வகுத்துப் பார்த்துவிட்டதென்றார். ஒவ்வொன்றுக்கும் மீதி வந்ததென்றார். அதற்குமேல் போகக் காலம் போதவில்லை என்று சொல்லிக் கைகூப்பினார்.

“வகுக்கும் எண் எங்களிடம் இல்லை. எங்கள் பள்ளி தோற்றது. இன்றே கிளம்புகிறோம்.”

ஆயிரம் வரை என்று அவர் சொன்னது சேந்தனின் காதில் இடிபோல் விழுந்தது. அவர்கள் அறுநூற்று நாற்பத்தொன்றைக் கடந்து போயிருக்கிறார்கள். யாரோ ஒருவர் ஒரு கழித்தலில் தவறியிருக்கிறார். அது யார் என்றும் அவனுக்குத் தெரிந்தது. இனி இந்த உலகத்தில் அந்த எண்ணை அறிந்தவர்கள் இருவர்தான். இன்னொருவரான குரத்தி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, அம்மா இடுப்பிலிருந்த ஒரு குழந்தை தன் விரலைப் பிடித்து இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சேந்தன் குரத்தியின் கண்ணைத் தேடினான். அவர் நிமிரவில்லை.

காரி எழுந்தார். தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தார். சேந்தனின் காதுக்குள் பெருநங்கையாரின் இருமல் கேட்டது. அவர் அங்கே இல்லை, குன்றின்மேல் இருந்தார்.

“அறுநூற்று நாற்பத்தொன்று” என்றான்.

ஒருவருக்கும் புரியவில்லை. காரி என்ன என்று கேட்டார். அறுநூற்று நாற்பத்தொன்றால் அது வகுபடும் என்று சேந்தன் மறுபடி சொன்னான். இந்த முறை குரல் எல்லாருக்கும் கேட்டது.

கூட்டம் கலகலத்தது. இயக்கன் மட்டும் அசையாமல் நின்றான். பிறகு அங்கேயே மண்ணில் முழங்காலிட்டு வகுக்க ஆரம்பித்தான். அவசரத்தில் இலக்கங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறின. சேந்தன் போய் அவன் பக்கத்தில் குந்தினான். இருவருமாகப் போட்டார்கள். ஓரிடத்தில் இயக்கன் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினான். சேந்தன் அந்த இலக்கத்தைத் தொட்டான். இயக்கன் மறுபடி கழித்தான். நூற்றெட்டு.

“அன்றைக்கும் இங்கேதான்” என்றான் இயக்கன் மெல்ல. “முந்நூற்று ஐம்பத்தொன்பது மீதி என்று எங்கள் ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன்.”

கடைசியில் மண்ணில் எதுவும் மிஞ்சவில்லை.

காரிக்கு இது புதிய வழக்கு. தன்னைத் தோற்கடிக்கும் எண்ணைத் தானே கொண்டுவந்து கொடுத்தவனை என்ன செய்வது என்று அவர் யோசித்தார். ஊரில் சிலர் குகை சேந்தன் பள்ளிக்கே இருக்கட்டும் என்றார்கள். புட்பநந்தியாரும் அதைத்தான் சொன்னார். எண்ணைக் கண்டது நாங்கள் இல்லை என்றார். அப்போது முதல்முறையாகக் குரத்தி பேசினார்.

“வகுபடாது என்று எங்கள் பள்ளி வாக்குக் கொடுத்தது. வகுபடுகிறது. குகை உங்களுடையது.”

சேர்ந்து தங்க அவர்கள் நோன்பு இடம் தராது. ஆகவே அன்று மாலைக்குள் இரு பள்ளிகளும் இடம் மாறிக்கொண்டன. தூளியின் முன்பக்கத்தைச் சேந்தன் தூக்கினான். பின்பக்கத்துக்கு இயக்கன் தானாக வந்து தோள் கொடுத்தான். ஓடையைத் தாண்டும்போது அவன், கழித்ததை எப்படிச் சரிபார்ப்பீர் என்று கேட்டான். திரும்பக் கூட்டிப் பார்ப்பேன் என்றான் சேந்தன். பெருநங்கையார் தூளிக்குள்ளிருந்து, இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு காலைப் பார்த்து வையுங்கள் என்றார்.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பெரியவரை ஓலையால் மூடினார்கள். கிழக்குக் குன்றின் பாறைக்கடியில் சேர்ந்தபோது எல்லாரும் நனைந்திருந்தார்கள். அங்கே சொட்டாத இடம் ஒன்றே ஒன்று இருந்தது, ஓர் ஆள் படுக்கும் அகலம். பெருநங்கையாரை அதில் கிடத்தினார்கள். அவர் கொஞ்ச நேரம் இருமினார். பிறகு உள்ளே போன கஷாயத்தின் கசப்பைக் குறை சொன்னார். அந்தக் குறைச்சொல்லைக் கேட்ட பிறகுதான் சேந்தனுக்கு மூச்சு சீரானது.

ஆனால் பயம் போகவில்லை. ஆவணி இருந்தது, ஐப்பசி இருந்தது. பாறையிலிருந்து சொட்டு விழும் ஒவ்வோர் இடத்திலும் சட்டி வைத்துக்கொண்டு போனார் குரத்தி. சேந்தன் அவர் பின்னாலேயே நிரம்பிய சட்டிகளை எடுத்து வெளியே கொட்டிக்கொண்டு வந்தான். வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது.

“அம்மையே.”

குரத்தி நின்றார்.

“அந்தக் கணக்கை மட்டும் நான் போடாமல் இருந்திருந்தால் இப்போது குகையில் இருந்திருப்போம். அவர்கள் எண்ணைக் கடந்து போய்விட்டார்கள். நான் அறுநூற்று முப்பத்தொன்றோடு கையை உதறிவிட்டு எழுந்திருந்தால் போதும். யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரிந்திருக்காது.”

குரத்தி குனிந்து, விலகிப்போய் விழுந்துகொண்டிருந்த ஒரு சொட்டுக்குக் கீழே சட்டியை நகர்த்தி வைத்தார்.

“நீர் கணக்குப் போடுவதற்கு முந்தின நாள்,” என்றார், “அந்த எண் வகுபடாமல் இருந்ததா?”

சேந்தன் சட்டியைக் கையில் பிடித்தபடி நின்றான்.